தவமணி அக்கா பஸ்ஸில் படித்த பாஷை

காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் கம்பெனி பஸ் கூலிம் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தபோது செய்தி வந்தது. "அக்கா போயிட்டாங்க. நெஞ்சுவலி" என்று அவருடைய தம்பி மணியம் அனுப்பியிருந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்ததைப் பார்த்து, அக்கா உடம்புக்கு முடியாமல் எம்சி எடுத்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தவமணி அக்கா கண்டிப்பான தரப் பரிசோதகர். பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்தவர் என்பது சிலருக்குத் தெரியும். அந்தக் கிளாரினெட்தான் அவரைக் கிளெஸ்மரிடம் கொண்டுபோனது. அது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை. பிறகு அவர்களுடைய இத்திஷ் மொழியையும் பிடித்துக்கொண்டார். ஞாயிறு மாலைகளில் பல நாட்டு நகரங்களிலிருந்து இளைஞர்கள் இணையத்தில் கூடிப் பாடும் வகுப்பு ஒன்று அவருக்கு இருந்தது.

"பழைய பாட்டுன்னு நெனைக்காதே கலா. வாடகை ஏறிப்போச்சு, ரயிலு போயிடுச்சு, அவன் மெசேஜுக்குப் பதிலே போடலன்னு இப்பத்தான் எழுதுறாங்க. நம்ம கததான்லா" என்பார்.

நானோ பல்லி கத்தினாலே பயப்படுகிறவள். பஸ்ஸில் அவர் கைப்பேசியில் அந்த எழுத்துகளைப் பெரிதாக்கிப் படிப்பார். மலாயை எழுதும் ஜாவி எழுத்து போல வலமிருந்து இடமாகப் போகும். ஆனால் ஜாவி இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். யூதர் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் போர்ச் செய்திதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். யாராவது படம் எடுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆவது என்று என் கைப்பையால் திரையை மறைப்பேன். "அந்தச் செய்தியப் பாத்து நானும்தான் அழுவுறேன். இந்தப் பாஷை பேசுனவங்களும் வீடு வாசல விட்டு ஓடுனவங்கதான்" என்று பையை நகர்த்துவார்.

பீடோங்கில் ஒரு கல்யாண விருந்தில் அவர் வாசித்தபோது மண்டபமே ஆடியது. பெண்ணின் மாமா வந்து, எந்த நாட்டு மியூசிக் என்று கேட்டார். ஏதாவது ஒரு நாட்டின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அக்கா உள்ளதைச் சொன்னார். "நமக்கு எதுக்கும்மா பிரச்சன, நிறுத்திடுங்க" என்றார் அவர். அக்கா கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கும் பயம்தான்லா. பொய் சொல்லிட்டா அப்புறம் அதே பாட்ட எப்படி வாசிக்கிறது?" என்றார்.

காரியம் முடிவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. வகுப்புக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வகுப்பு நேரத்துக்கு மணியம் அண்ணன் அக்காவின் கைப்பேசியை என் கையில் கொடுத்தார். என் ஆங்கிலம் மெஷின் ரிப்போர்ட் எழுதப் போதும். ஒரு சாவைச் சொல்லப் போதாது. எப்படியோ சொன்னேன். திரையில் சிலர் அழத் தொடங்கினார்கள். பிறகு ஒரு பெண், தவமணி எழுதிய பாட்டைப் பாடட்டுமா என்று கேட்டாள். விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸைப் பற்றி அக்கா இத்திஷில் எழுதிய பாட்டு அது.

அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக், கஞ்சிச் சட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. ஒலியைக் குறைக்கப் போனேன்.

"கொறைக்காதம்மா" என்றார் மணியம் அண்ணன். "அக்கா எழுதுனத இன்னிக்கித்தான் கேக்குறேன்."

என்ன பாஷை இது என்று மக்சிக் மலாயில் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். "இத்திஷ், மக்சிக். யூதருங்க பேசுற பாஷை. இந்தப் பாட்டு அக்கா எழுதுனது" என்றேன். மக்சிக் திரைப் பக்கம் குனிந்தார். அழுதுகொண்டே பாடும் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு சட்டியை இறக்கி வைத்துவிட்டு, பாட்டு முடியும் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் அப்படி உட்காரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருந்தது. பயந்துகொண்டே உள்ளதைச் சொன்ன அவருடைய குரலைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வகுப்பில் நானும் சேர்ந்துவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸில், என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்கலாம். பயம்தான். ஆனாலும் கைப்பையால் திரையை மறைக்கமாட்டேன்.