என் பெயர் இல்லாத கண்டுபிடிப்பு

எலக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சியை விட்டுச் சட்டம் படித்து, கோவையில் காப்புரிமை வழக்கறிஞரான பிறகும் எனக்குக் கனவில் ஆய்வகம்தான் வரும். திரையில் பச்சை அலை ஒன்று நெளிந்துகொண்டே இருக்கும்.

போன மாசியில், அந்த ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த கவிதா என் அலுவலகத்துக்கு வந்தாள். அவள் மேஜைமேல் வைத்த கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மண்ணின் ஈரத்தை அளக்க நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கியது அது. அப்போதெல்லாம் வெயில் ஏறினால் அளவு தப்பிவிடும். அந்த நிலையில்தான் நான் வேலையை விட்டிருந்தேன்.

"இப்பத் தப்பறதில்ல அம்மணி. அன்னூர்த் தோட்டத்துல வெச்சுப் பாத்துப்போட்டுத்தான் வாரேன். காப்புரிமை மனுவுல கண்டுபிடிச்சவங்கன்னு உன்ற பேரையும் போட்டுரு."

சரி என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தத் தொழிலில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டேன்.

"வெயிலச் சமாளிக்கிற யோசனை யாருது?"

அவள் தயங்கினாள். "என்றதுதான். நீ போனதுக்கப்புறம் தோணுச்சு."

"காப்புரிமை அந்த யோசனைக்குத்தான். அப்ப உன்ற பேரு மட்டுந்தான் வரோணும்."

அவள் கண் கலங்கியது. கருவியை விளக்கச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல, மின்சாரம் ஓடும் வழி எனக்குள் மெல்ல விரிந்தது. அவிநாசி சாலையின் இரைச்சல் எங்கோ போய்விட்டது. அவளுக்குச் சொல்ல வராத இடத்தில், அதை மனுவில் எழுதும்படி நான் ஒரு வாக்கியமாக்கிச் சொன்னேன்.

"அதேதான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெயர் வராததில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், ஆய்வகத்தில் எதையோ இழந்துவிட்டு வந்தவள் நான் என்ற எண்ணம் அன்றோடு போய்விட்டது.