அண்ணன் தன் மேல் போட்டுக்கொண்ட பழுது

அண்ணனின் இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் சொந்தக்காரர்களுக்கும் அண்ணனுடன் பழகியவர்களுக்கும் வணக்கம். நான் அண்ணனுக்கு ஒரே தம்பி. ஏழாம் வகுப்பு வரை படித்தவன். அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. நான்தான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார்கள். எழுத எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது ஆனைக்குட்டத்தில். அப்பா, அம்மா இருவரும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அப்பா சீக்கிரம் இறந்ததால் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு சிவகாசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தார். பிறகு ஊருக்கு வெளியே ரோட்டு ஓரத்தில் தகரம் போட்டு சொந்தமாகத் தொடங்கினார். என்னை வளர்த்தது அந்தத் தகரக் கொட்டகைதான்.

பட்டாசு ஆபீஸ் வண்டிகள் நிறைய வரும். லோடோடு ஆபீஸுக்குள் நின்றுபோன வண்டி என்றால் தீப்பொறிக்குப் பயந்து உள்ளே சாவியைத் திருப்ப அண்ணன் விடமாட்டார். கேட்டுக்கு வெளியே தூரமாகத் தள்ளி வரச் சொல்வார். தள்ளி வருகிற நேரத்தில் டிரைவரிடம் கேட்டுக்கொண்டே வருவார். வண்டி வந்து நிற்கும்போது பழுது என்னவென்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை.

யாராவது வந்து, "அண்ணாச்சி, பம்பு போயிருச்சு" என்றால் அண்ணனுக்குப் பிடிக்காது.

"பம்பு போச்சா இல்லையான்னு நான் சொல்லுதேன். வண்டி என்ன பண்ணுச்சுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்பார்.

சாவியைத் திருப்பினால் டக் டக் என்று மட்டும் கேட்கிறதா? லைட்டைப் போட்டுவிட்டுத் திருப்பச் சொல்வார். லைட் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது அதன் முனையில் உப்புப் பூத்திருக்கும். மங்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர். புகை என்றால் நிறம் கேட்பார். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, ஃபில்டரைக் கழற்று. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எப்போது என்று கேட்பார். காலையில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் ஒன்றும் இல்லை. நிற்காமல் வந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது. சூடு ஏறுகிறது என்றால், நிற்கும்போதா ஓடும்போதா என்பார். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன். ஓட ஓட ஏறினால் முதலில் தண்ணீரைப் பார்.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது. எங்கள் அம்மாவின் தம்பி, சாத்தூரில் பட்டாசுக் கடை வைத்திருக்கும் மாமா, தன் காரை அண்ணனிடம் விட்டிருந்தார்கள். அண்ணன் ரேடியேட்டர் ஹோஸை, தண்ணீர் போகும் ரப்பர் குழாயை, மாற்றினார். மறுநாள் கடை லைசென்ஸ் பேப்பரைச் சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து வரும்படி அந்தக் காரிலேயே என்னை மாமா அனுப்பினார்கள்.

கிளம்பும்போது அண்ணன் சொன்னார். "ஏலே, புது ஹோஸ். உள்ள காத்து நிக்கும். பத்து கிலோமீட்டர் போயி நிறுத்து. நல்லா ஆறவிட்டு மூடியத் தெற. தண்ணி எறங்கியிருந்தா ஊத்து. டிக்கில கூலண்ட் கேன் வச்சிருக்கேன்."

நான் நிறுத்தவில்லை. சூடு காட்டும் முள் ஏறியதைப் பார்த்தேன். சூலக்கரை பக்கம்தானே என்று மிதித்தேன். முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சினில் தட்டும் சத்தம் வந்தது. பானட் வழியாக ஆவி கிளம்பியது.

கண்மாய் ஓரம் நிறுத்தினேன். நான் அச்சங்குளத்தில் பட்டாசு ஆபீஸில் வேலை பார்ப்பவன். எங்கள் அறை வாசலில் எல்லாம் வாளியில் தண்ணீரும் மணலும் இருக்கும். சூடு என்றால் உடனே ஊற்று என்பதுதான் எனக்குப் பழகியது. டிக்கியில் கடை வாளி ஒன்று கிடந்தது. அதை எடுத்தேன், பக்கத்தில் இருந்த கேன் கண்ணில் படவில்லை. துணியைச் சுற்றி மூடியைத் திறந்தபோது ஆவி அடித்து மணிக்கட்டு வெந்தது. கண்மாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். உள்ளே டங் என்று ஒரு சத்தம். வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆனது. பின்னால் வெள்ளைப் புகை. கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தோம். மாமாவும் வந்து நின்றார்கள். அண்ணன் என்னைக் கேட்டார்.

"என்ன பண்ணுச்சு?"

"ஹோஸ் ஒழுகிருச்சுண்ணே. சட்டுனு நின்னுபோச்சு."

"முள்ளு ஏறுச்சா?"

"ஏறல."

"நடுவுல நிறுத்துனியா?"

"நிறுத்துனேன்."

"தண்ணி ஊத்துனியா?"

"இல்லண்ணே."

அண்ணன் ஹோஸைத் தடவினார். காய்ந்து கிடந்தது. ஆயில் குச்சியை உருவினார். ஆயில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி இருந்தது. ரேடியேட்டருக்குள் விரலை விட்டார். விரலில் பாசி வந்தது. துணியில் துடைத்துக்கொண்டார். டிக்கியைத் திறந்து பார்த்தார். கேன் உடைக்காமல் இருந்தது. மாமா எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"என் வேலையில பிசகு, மாமா. ஹோஸச் சரியா முடுக்காம விட்டுட்டேன்" என்றார்.

"ஊர்ல அம்புட்டுப் பேர் வண்டியும் ஒழுங்காப் பாக்க. தாய்மாமன் வண்டின்னா மட்டும் எளக்காரமா மருமகனே?"

அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சின் மேல் குனிந்தார்.

அப்போது மாமா மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாமா எதையும் பொறுப்பார்கள், பொய்யைப் பொறுக்க மாட்டார்கள். அது அண்ணனுக்கும் தெரியும்.

அண்ணன் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, மதுரையில் லேத்தில் கொடுத்து வளைவை எடுத்து, மாட்டிக் கொடுத்தார். மாமா அதோடு காரைச் சாத்தூரில் வேறு ஆளிடம் விட ஆரம்பித்தார்கள். கேட்டவர்களிடம் காரணமும் சொன்னார்கள். கடைக்காரர்கள் வண்டி அண்ணனிடம் வருவது குறைந்தது. எனக்கும் மாமா மகளுக்கும் கல்யாணம் நடந்தது. அண்ணன்தான் முன்னால் நின்று நடத்தினார். அந்தக் காரைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார்.

"சூடான எஞ்சின்ல குளுந்த தண்ணி ஊத்தாத. ஹெட்டு வளைஞ்சிரும். ஆறவிடு."

அவ்வளவுதான்.

கடைசி இரண்டு வருடம் அண்ணனுக்குக் கிட்னி வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு நாள் விருதுநகருக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டும். மாமாதான் அதே காரில் தானே ஓட்டிக் கூட்டிப் போனார்கள். ஒரு நாளும் தவறவில்லை. ஒரு நாள் பின் சீட்டில் படுத்திருந்த அண்ணன் சொன்னார். "மாமா, எடுக்கும்போது கீச்சுன்னு கத்துதே, பெல்ட்டு. மழைக்கு முந்தி மாத்திருங்க."

"நீ சும்மா படுத்துட்டு வா மருமகனே. வண்டியப் பாக்க சாத்தூர்ல ஆள் இருக்கு" என்றார்கள் மாமா.

அண்ணன் சிரித்தார். நான் முன் சீட்டில் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அண்ணனை எடுத்த அன்று மாமா அழுதார்கள். அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், "தங்கமான மனுசன். தொழில்லதான் ஒரு தடவ கை தப்பிருச்சு" என்றார்கள். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். இதை எழுத அதுதான் காரணம். அண்ணனுக்குக் கை தப்பவில்லை. தப்பு என்னுடையது. என் வீட்டுக்காரியிடம் போன வாரம்தான் சொன்னேன். "அப்பா படிக்கிற மாதிரி எழுதுங்க" என்றாள்.

அண்ணனைப் பார்த்த டாக்டர்கள், நர்சம்மாக்கள், வீட்டுக்குச் சோறு கொண்டு வந்த பக்கத்து வீட்டார், ஒர்க்‌ஷாப்பை ஒரு நாளும் பூட்டவிடாமல் பார்த்துக்கொண்ட கூட்டாளிகள் எல்லோருக்கும் மதினி சார்பிலும் பிள்ளைகள் சார்பிலும் நன்றி.

மாமாவுக்குத் தனியாக நன்றி. மன்னிப்பை நேரில் வந்து கேட்கிறேன். மாமா, பெல்ட்டை இன்னும் மாற்றவில்லை, கத்துகிறது. எஞ்சினில் வேறு சத்தம் எதுவும் இல்லை. அண்ணன் மாட்டிய பிறகு அந்த ஹெட்டை இன்று வரை யாரும் கழற்றவில்லை.

தம்பி,
ஆனைக்குட்டம்