காரைக்காலில் ஒரு மனையில் மூன்று வீடுகள்

பேரளத்தில் காலை ஏழு மணிக்கு இறங்கினேன். சென்னையிலிருந்து இரவு முழுவதும் உட்கார்ந்தே வந்ததில் முதுகு மரத்துப் போயிருந்தது. காரைக்காலுக்கு இங்கே வண்டி மாற வேண்டும். சுமார் பதினைந்து மைல்தான். பிரெஞ்சுக்காரர்கள் போகும்வரை வழியில் எல்லைச் சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்ததாம்.

"இப்ப ஒருத்தரும் கேக்கறதில்லைங்க" என்றார் எதிரே இருந்த திருநள்ளாற்று அம்மாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

காரைக்கால் ரயிலடியில் குதிரை வண்டிக்கு ஆறணா. போகும் இடம் சொன்னதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சைகோன் மரைக்காயர் வீடா? வீட்டு மேல வீடு, அதுக்கும் மேல வீடுன்னு கட்டப் போறாராமே. கடக் காத்துக்கு நிக்குமாம்மா?"

"நிற்கும். அதற்குத்தான் வந்திருக்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை.

சென்னையில் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. ஆலைத் தொழிலாளர்களுக்கு நாலு மாடிக் குடியிருப்புகள் வரைந்துகொண்டிருந்தேன். பட்டணத்துக்கு ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், நிலமோ இருக்கிற நிலம்தான். அதைக் கேள்விப்பட்டு மரைக்காயர் அழைத்திருந்தார்.

பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வீடு. மரைக்காயர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர், இப்போது அடியோடு திரும்பிவிட்டார்.

"அங்க ஒரே கட்டடத்துல ஏழு குடும்பம் இருந்தோம்மா. கீழ கடை, மேல எல்லாம் வீடு. இங்க என்னடான்னா, திரும்பி வர்ற ஒவ்வொருத்தரும் தலத்தெருப் பக்கம் வயலைத் தூத்து வீடு போடுறாங்க. எங்க வழக்கப்படி மூணு பொண்ணுக்கும் மூணு வீடு கொடுத்தாகணும். நான் வயல்ல கை வைக்க மாட்டேன்."

பக்கத்துக் காலி மனையைப் பார்த்தோம். மணற்பாங்கு. ஓர் ஆள் ஆழம் தோண்டினாலே தண்ணீர். அஸ்திவாரத்தை அகலமாகப் போட்டால் மூன்று அடுக்குத் தாங்கும் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. கீழ் வீடு கடைக்குட்டி சஃபியாவுக்கு, நடு வீடு ஜுலைகாவுக்கு, மேல் வீடு மூத்தவள் ரஹ்மத்துக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சஃபியாவுக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய்விட்டது. கைத்தடியோடுதான் நடப்பாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்களோடு உள்ளே உட்கார்ந்து வரைபடத்தை விரித்தேன். சஃபியாவுக்கு இருபது வயது இருக்கும். எல்லோரும் பேசினார்கள். கடைசியில் அவள் கீழ் வீட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது வேணும்னு நான் எப்பக் கேட்டேன்?"

"உன் நல்லதுக்குத்தானேடி" என்றார் அவள் உம்மா.

"பொறந்ததுலேருந்து கீழதான் கெடக்கேன். காத்தும் வர்றதில்லை, வெளிச்சமும் வர்றதில்லை. எனக்கு மேல் வீடு வேணும்."

"எப்படிடி ஏறுவே?"

அவள் எழுந்தாள். மொட்டை மாடிக்குப் போகும் செங்குத்தான மரப்படியில் உட்கார்ந்து, பின்புறமாக, கைகளை ஊன்றி ஊன்றி ஏற ஆரம்பித்தாள். உம்மா கூவினார். ரஹ்மத் அழுதாள். நான் பின்னாலேயே போனேன். பாதிப் படியில் நின்றுவிட்டாள். தோளைத் தொட்டேன், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மேலே வந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றாள். தென்னைகளுக்கு அப்பால் காரைக்கால்மேட்டுப் படகுகளின் பாய்கள் கரைநோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. வெகுநேரம் அவள் மூச்சு சீராகவில்லை, ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இவளை உட்காரவைத்து ஏற்றுகிற படி என் கையால் வரையக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது. கீழே இறங்கியதும் மணைப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவளால் காலை எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்த்தோம். நான் வழக்கமாகப் போடும் படியில் பாதி உயரம்தான் அவளுக்கு எட்டியது. அவ்வளவு தாழ்வான படிகள் என்றால் வரிசை நீளும். நடுநடுவே உட்கார இடமும் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை போய்விடும் என்று மரைக்காயரிடம் சொன்னேன்.

அவர் பெரிய மகளைப் பார்த்தார். அவளுக்கு நான்கு பிள்ளைகள்.

"போகட்டும் வாப்பா. நான் கீழ இருந்துக்குறேன், அவ மேல இருக்கட்டும்" என்றாள் ரஹ்மத். ஜுலைகா பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, நாகப்பட்டினத்தில் ஒரு வேலை முடிந்து திரும்பும்போது மறுபடி காரைக்காலில் இறங்கினேன். தெருமுனையிலிருந்தே கட்டடம் தெரிந்தது. படிகள் வளைந்து வளைந்து, அவசரமே இல்லாமல் ஏறின. மேல் வீட்டுக் கதவைத் திறந்தது சஃபியா. இடுப்பில் ரஹ்மத்தின் கடைசிப் பிள்ளை.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் இறங்குவே?" என்று கேட்டேன்.

"பிரியப்பட்டா இறங்குவேன். எங்க விடுறாங்க? சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சா எல்லாரும் இங்கதான். ரஹ்மத் லாத்தாவும் ஜுலைகா லாத்தாவும் உலையைக்கூட இங்க வந்துதான் வைக்கிறாங்க. வாப்பாவைக் கேளுங்க, தன் மூட்டு வலிக்காகத்தான் இப்படிப் படி கட்டுனதா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க."

சாயங்கால வண்டிக்குக் கிளம்பினேன். சென்னையில் நான் வரைந்த நாலு மாடிக் கட்டடத்தில் இப்போது ஜனங்கள் குடியேறிவிட்டார்கள். இடத்தை மிச்சம்பிடித்துச் செங்குத்தாக வைத்த படி. ஏறுகிறவர்கள் மூச்சை அடக்கி ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மேல் மாடிக்காரரின் பெயர் கீழ் மாடிக்காரருக்குத் தெரியாது. இங்கே மூன்று வீடுகளிலும் ஓர் அறை குறைவு. சஃபியா என்னோடு படியிறங்கி வந்தாள். நடுவில் உட்காரும் இடத்தில் ஜுலைகாவின் மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "கொஞ்சம் உக்காந்துட்டுத்தான் போங்களேன்" என்று நகர்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்தோம். அந்த வண்டியை விட்டுவிட்டேன்.