ஐந்தாம் நம்பர் ஷூ

கோயம்புத்தூர் கம்பெனி அனுப்பிய கடிதத்தின் கடைசி வரியில்தான் அது இருந்தது. நேர்காணலுக்குக் கறுப்பு ஷூ அணிந்து வர வேண்டுமாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்ததும் நான்தான் முதல், பட்டம் வாங்கியதும் நான்தான் முதல். தோல் ஷூ மட்டும் போட்டதே இல்லை.

தேயிலை விலை விழுந்துகிடந்த நேரம் அது. ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலையும் அத்தனை நாள்தான். இந்த வேலை கிடைத்தால், எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டை விட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

குன்னூர் கடைகளில் பெண்களுக்கு இருந்ததெல்லாம் குதிகால் உயர்ந்தவை. போனில் ஆர்டர் போடப் பார்த்தேன், அளவு கேட்டது. நானும் அம்மாவும் மாற்றி மாற்றிப் போடும் ரப்பர் பூட்ஸின் அடியில் ஆறு என்று இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே அளவு அதுதான். ஆறையே அழுத்தினேன். அட்டை கடிக்காமலிருக்கத் தடித்த சாக்ஸ் இரண்டு மாட்டி, அதற்குமேல்தான் அந்த பூட்ஸைப் போடுவோம். ஷூ வந்து, நடக்கும்போது குதிகால் கழன்றபோதுதான் அது உறைத்தது.

"முன்னால கொஞ்சம் துணிய வச்சுக்க புள்ள. யாரு குனிஞ்சு பாக்கப்போறா" என்றாள் அம்மா. பட்டம் வாங்கியவள் துணி அடைத்த ஷூவோடு போய் நிற்பதா என்று எனக்கு ரோஷம். ஒரே ஒரு தடவை மாற்றித் தருவார்களாம். கூரியர்காரர் லயம்வரை வர மாட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோடுவரை நடந்து, பஸ் பிடித்துக் குன்னூரில் கொடுத்தேன். எட்டு நாள் கழித்து அதே வழியில் போய் ஐந்தாம் நம்பரை வாங்கி வந்தேன்.

நேர்காணலன்று விடிகாலைக் குளிரில் போட்டேன். எனக்கென்றே தைத்தது போல இருந்தது.

மலை இறக்கத்தில் பர்லியார் தாண்டியதும் பஸ்ஸுக்குள் வெக்கை ஏறியது. மேட்டுப்பாளையத்தில் விரல்களை அசைக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் இறங்கும்போது கால் வீங்கி, ஷூ சதையைக் கவ்வியிருந்தது. குளிரில் சுருங்கிய காலுக்கு வாங்கிக்கொண்டு வெயிலூருக்கு வந்திருக்கிறேன். திருப்பி அனுப்பிய ஆறு இங்கே சரியாக இருந்திருக்கும்.

உள்ளே என்ன கேட்டார்கள் என்பதைவிட இடது சுண்டுவிரல்தான் இன்றும் நினைவிருக்கிறது. பதிலெல்லாம் சொன்னேன். போகலாம் என்றதும் நொண்டாமல் கதவுவரை நடந்தேன். வெளியே படியில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றிப் போட்டேன். அந்த நேரம் பார்த்து அலுவலகத்துப் பெண் ஒருவர் வந்து, அடுத்த மாதம் சேர்ந்துகொள்ளச் சொன்னார். வெறுங்காலோடு எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. திரும்பும் பஸ்ஸில் ஷூ மடியில் இருந்தது. பர்லியார் கடந்து குளிர் அடித்ததும் போட்டுப் பார்த்தேன். சுலபமாக நுழைந்தது.

சேதியைக் கேட்ட அம்மா கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள். பிறகு ஷூவைத் தன் காலில் மாட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. இதைப் போட்டுக் கொழுந்துக்குப் போனால் கங்காணி எழுந்து நிற்பார் என்றாள்.

"நீயும் என்கூட வர்றம்மா" என்றேன்.

"அங்க வந்தா எனக்கும் வீங்கும் புள்ள. மொதல்ல நீ போ." ஷூவைத் துடைத்து பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

போனை எடுத்து, அங்கே வேலைக்குப் போட ஆறாம் நம்பரில் ஒரு ஜோடி ஆர்டர் போட்டேன். முகவரி கேட்டது. கோயம்புத்தூரில் எனக்கு இன்னும் முகவரி இல்லை. மறுபடியும் குன்னூருக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டும்.