மூன்று பேருக்கு இடம் கேட்டவள்

ஆஸ்திரேலியாவில் வாங்கரட்டா என்ற ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் நெரிடா ஹாக்லிக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பஸ்ஸில் மட்டும் உட்காருவாள், அதுவும் பஸ் நகர்ந்துகொண்டே இருப்பதால். வீட்டில் டீ போட்டால் நின்றபடியேதான் குடிப்பாள். டிவியில் படம் ஓடினால் பாதியில் எழுந்து கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்கப் போவாள். போகிற வழியில் குழாய் சொட்டுவது கண்ணில் படும், அதற்கு ஸ்பேனர் தேடுவாள், ஸ்பேனர் தேடப்போன இடத்தில் பழைய பெயின்ட் டப்பாக்களை அடுக்க ஆரம்பிப்பாள். படம் எப்படி முடிந்தது என்று மறுநாள் கெல்வின்தான் சொல்வான். முப்பத்தோரு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறவன் அவன். "உட்காரேன்" என்று சொல்வதை முதல் வருஷத்திலேயே விட்டுவிட்டான்.

இந்தத் தவிப்புக்கெல்லாம் வருஷத்தில் ஒரே ஒரு வடிகால் இருந்தது. ஜூலை கடைசி வாரம், நல்ல குளிர்காலத்தில், ஃபால்ஸ் கிரீக் மலையில் ஐந்து நாள் பனிச்சறுக்கு. அவளும், கோரலும், குவெண்டாவும்.

மூவரும் ஒரே துணி ஆலையில் ஒரே தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவர்கள். ஆலைத் தொழிலாளர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் வைத்து மலைக்குக் கூட்டிப்போனார்கள். நெரிடாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. மூன்று பேருக்கும் ஜீன்ஸ்தான், ஈரம் ஏறாமலிருக்க ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைகளைக் காலுறைக்கு மேல் மாட்டியிருந்தார்கள். குவெண்டா ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அன்று முழுக்க விடவில்லை. கோரல் விழுந்த இடத்திலேயே படுத்துச் சிரித்தாள். நெரிடா பதினோரு தடவை விழுந்தாள். பன்னிரண்டாவது தடவை விழாமல் அடிவாரம் வரை வழுக்கிக்கொண்டு போய் நின்றாள். அந்த அரை நிமிஷத்தில், பிறந்ததிலிருந்து உடம்புக்குள் ஓடிக்கொண்டே இருந்த ஏதோ ஒன்று ஓடுவதை நிறுத்தியது. அப்படி ஒரு அமைதி இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷமும் விட்டதில்லை. ஆலையில் ஆள் குறைத்தார்கள். குவெண்டா முதியோர் இல்லத்து வேலைக்குப் போனாள், கோரல் முடிதிருத்தும் கடை வைத்தாள், நெரிடா பஸ் பழகினாள். ஜூலை கடைசி வாரம் மட்டும் அப்படியே இருந்தது.

திட்டம் போடுவது நெரிடாவின் பொறுப்பு. பிப்ரவரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது, மலையில் விடுதி வைத்திருக்கும் சங்கம், இடம் ஒதுக்கும் குலுக்கலுக்கு விண்ணப்பம் அனுப்பும். அது வந்த அன்றே பூர்த்தி செய்து திருப்பி அனுப்பிவிடுவாள். ஆட்கள்: மூன்று. ஈஸ்டர் முடிந்ததும் வானிலை பார்க்க ஆரம்பிப்பாள். காரின் டயருக்குச் சங்கிலி யார் எடுத்துவருவது, பூசணி சூப் யார், ஆட்டுக்கால் வேகவைத்து உறையவைத்துக் கொண்டுவருவது யார், எல்லாம் எழுதிவைப்பாள். பாதி ராத்திரியானாலும் தோன்றியதும் போன் போடக்கூடியவள் என்பதால் மற்ற இருவரும் போனை அணைத்துவிட்டுத்தான் படுப்பார்கள்.

"கோரல், மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா?"

"எதுன்னாலும் சரிடி."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. அப்புறம் இறங்குறப்ப வழுக்கி விழுந்துட்டு என்னைத் திட்டின."

"அப்ப கீழயே போடு. ஏன்டி, பிப்ரவரி மாசம்டி இது. இங்க மனுஷி வேர்த்துக் கொட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அறுபதாவது வயதில் நெரிடாவின் இடது முழங்கால் மூட்டு முழுசாகத் தேய்ந்துபோயிருந்தது. எலும்பும் எலும்பும் உரசுவதைப் படத்தில் காட்டினார் டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றப் பெயர் கொடுத்து ஒன்றேகால் வருஷம் ஆகியும் கூப்பிடவில்லை. முந்தின இரண்டு குளிர்காலமும் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டே சறுக்கினாள். பெயர் கொடுத்திருப்பது மட்டும்தான் தோழிகளுக்குத் தெரியும், ராத்திரியில் வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொள்வதை அவர்களிடம் சொல்லவில்லை. மூட்டு அவ்வளவு மோசம் என்று தெரிந்தால் அவர்கள் பயணத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஜூன் முதல் வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"ஜூலை இருபத்துநாலு ஒரு இடம் காலியாகியிருக்கு. வர முடியுமாங்க? இல்லன்னா அடுத்த தேதி எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

இருபத்துமூன்றாம் தேதி மலைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரத்தில் சொல்கிறேன் என்று போனை வைத்தாள் நெரிடா.

கெல்வின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? சரின்னு சொல்லு."

"உனக்கென்ன, சொல்லிடுவ."

"போன மாசம் பஸ்லேர்ந்து இறங்குறதுக்கு அஞ்சாங்கிளாஸ் பொண்ணு கை குடுத்துச்சுன்னு நீதான சொன்ன?"

அவள் தோட்டத்துக்குப் போய்விட்டாள். கூட்டிய இடத்தையே இரண்டு தடவை கூட்டினாள். பிறகு கோரலுக்குப் போன் போட்டாள். கோரல் ஐயோ என்பாள், வாரத்தை மாற்ற முடியாதா என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் தயார் செய்துவைத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில தேதி குடுத்துட்டாங்க கோரல். நம்ம வாரத்துலயே விழுது."

"அப்படியா? போய்ப் பண்ணிக்கடி. மூட்டுதான் முக்கியம்."

மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தயார் செய்துவைத்த பதில் எதற்கும் வேலையில்லாமல் போனது.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. இடம் கிடைச்சதை வீணாக்காதீங்க. நான் எல்லாத்தையும் எழுதித் தர்றேன்."

இந்தத் தடவை கோரல் மூச்சு விட்டாள், நிறையவே. "சரிடி. போறோம்."

நெரிடா நாலு பக்கம் எழுதினாள். எந்த வளைவில் சங்கிலி மாட்டுவது, துணி உலர்த்தும் அறையில் எந்தக் கொக்கி அடுப்புக்குப் பக்கம், எல்லாம் அதில் இருந்தது. கெல்வின் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, மூச்சு விடுறதைப் பத்தி மட்டும் எழுதலையே என்றான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படுக்கைதான் அவளைப் படுத்தியது. ஜன்னலில் கார் நிறுத்துமிடம் தெரிந்தது, எத்தனை வெள்ளைக் கார் என்று எண்ணி முடித்துவிட்டாள். மூன்றாம் நாள் காலை கோரலைக் கூப்பிட்டாள்.

"பனி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குடி. பஞ்சு மாதிரி. உன் கால் எப்படி இருக்கு?"

"காலை விடு. எந்தப் பக்கம் போனீங்க?"

"அதான்... உச்சி லிஃப்ட் இருக்கே, அந்தப் பக்கம். இன்னிக்கு ரெண்டு தடவை இறங்கியாச்சு."

"நீயா? உச்சியிலேர்ந்தா?"

"ஏன், நான் இறங்கக் கூடாதா?"

போனை வைத்ததும் நெரிடா மலையின் நேரடிக் கேமராவைப் போனில் திறந்தாள். முந்தின நாள் தலை நிமிர்த்த முடியாததால் பார்க்காமல் விட்டிருந்தாள். படம் முழுக்கச் சாம்பல் நிறம். ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்டின் காலி நாற்காலிகள் கம்பியில் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தன. கீழே எழுதியிருந்தது: பலத்த காற்று, நேற்று மதியத்திலிருந்து உச்சி லிஃப்ட் ஓடவில்லை.

கால் மடக்கவைக்க வந்த பயிற்சிப் பெண் அன்று அசந்துபோனாள். "என்னங்க இது, ஒரேயடியா தொண்ணூறு டிகிரி மடக்கிட்டீங்க? வலிக்கலையா?"

"வலிக்குது" என்றாள் நெரிடா. "இன்னும் மடக்கணுமா?"

பயிற்சிப் பெண் போனதும் குவெண்டாவுக்குப் போன் போட்டாள். குவெண்டாவுக்குப் பொய் சொல்ல வராது, ஆலையில் மேஸ்திரி ஏதாவது கேட்டால் முதலில் அவளைத்தான் கேட்பார்.

"அங்க காத்து எப்படி குவெண்டா?"

"காத்தா... இருக்கு. கொஞ்சம்."

குவெண்டாவின் குரலுக்குப் பின்னால் ஒரு பறவை கத்தியது. அடுத்து நாலைந்து சேர்ந்து கத்தின. கையிலிருக்கும் வறுவலுக்கு அடித்துக்கொள்ளும் கடல்காகங்கள்.

"அது என்ன சத்தம்?"

"நெரி, கோரல்கிட்ட குடுக்கிறேன்..."

"நீயே சொல்லு."

குவெண்டா அழுதுவிடுவாள் போலிருந்தது. "லேக்ஸ் என்ட்ரன்ஸ்ல இருக்கோம்டி. கடற்கரையில."

நெரிடா போனை வைத்தாள். எழுந்து நடக்க வேண்டும் போலிருந்தது, நர்ஸ் வராமல் கட்டிலிலிருந்து இறங்கக் கூடாது. போர்வையின் ஓரத்து நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். மதியச் சாப்பாடு வருவதற்குள் ஒரு சாண் பிரித்துவிட்டாள்.

வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருவரும் வந்தார்கள். கோரல் கையில் புகைபோட்ட மீன், குவெண்டா கையில் கேக். கெல்வின் நிலைமையைப் பார்த்துவிட்டு, கார் கொட்டகையில் வேலை இருக்கிறது என்று நழுவினான்.

"பொய் சொன்னது தப்புத்தான்" என்று ஆரம்பித்தாள் கோரல். "ஆஸ்பத்திரியில கிடக்குறவளை எதுக்கு நோகடிக்கணும்னு..."

"எத்தனை வருஷமா?"

"என்ன எத்தனை வருஷம்?"

"பிடிக்காம வர்றது."

கோரல் குவெண்டாவைப் பார்த்தாள். "எனக்கு எட்டு வருஷம். விலா எலும்பு உடைஞ்சுதே, அதுலேர்ந்து. மேல நின்னாலே பயம்."

"அப்புறமும் தினம் சறுக்கினியே. நீங்க ரெண்டு பேரும் கீழ்ச் சரிவுல இருப்பீங்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவீங்க, சாயங்காலம் உடுப்பெல்லாம் ஈரமா இருக்கும்."

"காபிக் கடையில உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவோம். நீ வர்ற நேரத்துக்குக் கொஞ்சம் பனியை அள்ளிப் பேண்ட்ல தேய்ச்சுக்குவோம்."

"நான் முட்டியில மட்டும்தான் தேய்ச்சேன்" என்றாள் குவெண்டா.

வேறொரு நாளாக இருந்தால் நெரிடா சிரித்திருப்பாள். "வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்றது? நீ கேட்டாத்தான? மேல் கட்டிலா கீழ்க் கட்டிலான்னு கேட்ட. சூப் யாருன்னு கேட்ட. வர்றியான்னு ஒரு வருஷமாவது கேட்டிருக்கியா?"

நெரிடா ஊன்றி நடக்கும் சட்டத்தைப் பிடித்து எழுந்து சமையலறைக்குப் போனாள். கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியது. மறுபடி கொதிக்கவைத்தாள். முட்டி அவ்வளவு மோசம் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்களோ என்று இரண்டு குளிர்காலம் தான் பல்லைக் கடித்ததும், இவர்கள் பேண்ட்டில் பனி தேய்த்துக்கொண்டதும் ஒரே மலையில்தான், ஒரே வாரத்தில்தான். அதை வெளியே போய்ச் சொல்லலாம். சொல்லவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் அவர்கள் போய்விட்டிருந்தார்கள். மீனும் கேக்கும் மேஜைமேல் இருந்தன.

அதன்பின் பேச்சு நின்றது. நெரிடா ஒவ்வொரு நாளும் தெருக்கோடி வரை நடந்தாள், பிறகு ஆற்றுப் பாலம் வரை. அக்டோபரில் பஸ் ஓட்டத் திரும்பினாள். முடி நீண்டு கண்ணை மறைத்தது, கோரல் கடைக்குப் போகாமல் சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டாள். பின்பக்கத்தைப் பார்த்து பஸ் பிள்ளைகள் குசுகுசுத்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் குவெண்டாவிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது, உள்ளே பெயர் மட்டும். நெரிடாவும் பெயர் மட்டும் எழுதி ஒன்று அனுப்பினாள்.

பிப்ரவரியில் விண்ணப்பம் வந்தது. ஒன்பது நாள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் கிடந்தது. வந்த அன்றே அனுப்புகிறவள் அவள். பத்தாம் நாள் பஸ் சாவியைத் தேடும்போது, நின்றபடியே, ஆட்கள் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினாள். ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் முடியட்டும், அப்புறம் சுலபமான சரிவில் மட்டும் என்று டாக்டர் அனுமதித்திருந்தார்.

ஜூலை கடைசி வாரம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். சங்கிலியைத் தானே மாட்டினாள். விடுதி அறையில் மற்ற கட்டில்களில் யாரோ ஒரு தாயும் மகளும். முதல்நாள் காலை, கற்றுக்கொள்கிற பிள்ளைகள் நடுவே நின்று சறுக்குப் பலகையை மாட்டினாள். ஒரு தடவை விழுந்தாள், எழுந்தாள். பதினொரு மணிக்குமேல் வானம் வெளுத்ததும் நீளமான சரிவில் இறங்கினாள். காற்று காதில் அடித்தது, மூட்டு சொன்னபடி கேட்டது, உள்ளே இருந்த ஓட்டம் நின்றது. முன்பைப் போலவே நின்றது.

கீழே வந்து நின்றவள் பழக்கத்தில் காபிக் கடை வாசலைப் பார்த்தாள். கோரலின் சிவப்பு மேல்கோட்டும் குவெண்டாவின் மஞ்சள் மேல்கோட்டும் அங்கே இருக்க வேண்டும். உள்ளே போய் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்று வாங்கி நின்றுகொண்டே தின்றாள். பாதி தின்றதும் போனை எடுத்தாள்.

"நான்தான்" என்றாள்.

"தெரியுது" என்றாள் கோரல். பின்னால் கடையில் முடி உலர்த்தும் சத்தம் கேட்டது. "மேல போய்ட்டியா?"

"ம்."

"விழுந்தியா?"

"ஒரு தடவை."

"மூட்டு?"

"நல்லா இருக்கு. ஆபரேஷனுக்கு முந்தி ரெண்டு வருஷம் ரொம்ப மோசம். பட்டை கட்டிக்கிட்டுத்தான் சறுக்கினேன், உங்ககிட்ட சொல்லலை."

உலர்த்தியின் சத்தம் நின்றது. "லூசாடி நீ?"

"ஆமா." நெரிடா இடது காலை மாற்றி நின்றாள். "நீங்க திரும்ப லேக்ஸ் என்ட்ரன்ஸ் போறீங்களா?"

"நவம்பர்ல போலாம்னு குவெண்டா சொல்றா."

"நானும் வரலாமா?"

"கடற்கரையில உட்காரணும்டி. சும்மா உட்காரணும். உன்னால முடியுமா?"

"முடியாது."

"சரி, வா. வந்ததும் முதல்ல அந்தத் தலையை என்கிட்ட காட்டு. நீயே வெட்டிக்கிட்டியாமே, குவெண்டா கடைத்தெருவுல பார்த்தேன்னா."

நவம்பரில் மூவரும் போனார்கள். குவெண்டா தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்தாள், கோரல் குறுக்கெழுத்தை விரித்தாள். நெரிடா துண்டில் உட்கார்ந்து இருபது நிமிஷம் கடலைப் பார்த்தாள். அப்புறம் மணலைக் குவித்தாள், கலைத்தாள்.

"போர் அடிக்குது" என்றாள்.

"தெரியும்" என்றாள் கோரல், தலை நிமிராமல். "எங்கயாவது போய்ட்டு வா. ஒரு மணிக்குச் சாப்பாடு."

நெரிடா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் வரை ஈர மணலில் நடந்தாள். அங்கே மீன்பிடிப் படகுகள் உள்ளே நுழைவதைப் பார்த்தாள், ஒரு கிழவரிடம் தூண்டில் போடுவதைப் பற்றி விசாரித்தாள், திரும்பி நடந்தாள். வந்து சேரும்போது இரண்டரை மணி. அவள் பங்கு மீனில் பாதியை இருவரும் தின்று முடித்திருந்தார்கள்.