வராத இரண்டாவது நடை

நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், பிற்பகல் 3:10-க்கு, ஆறாயிரம் அடி உயரத்தில்.

சாலையே இல்லாத ஊர்களுக்குப் பறந்துபோய் நோயாளிகளைக் கூட்டிவரும் குட்டி விமானம் அது. ஒரு ஸ்ட்ரெச்சர், நர்ஸுக்கு ஓர் இருக்கை, அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. அவ்வளவுதான். நர்ஸும் கேப்டனும் பதினோரு வருடமாக அதில் ஜோடி. கூடப்பிறந்த அண்ணனைவிட அவரை நம்பினாள் அவள்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மலையூரில், நெஞ்சுவலிக்காரரும் அவர் மனைவியும் ஏறியதில் இடம் முடிந்துபோனது. வலி கண்ட நிறைமாதக்காரி ஒருத்தி ஓடுதள ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு மணி நேரத்துல பிளேன் திரும்பி வரும். நான் சொல்றேன்ல?" என்றாள் நர்ஸ்.

"நீங்க சொன்னா சரிக்கா."

ஊர் திரும்பியதும் கேப்டன், "உங்க டியூட்டி முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க சிஸ்டர். வேற நர்ஸோட போய் நான் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார். மறுநாள், "பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் சுகம்" என்றார்.

அவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, இது நடந்த அன்று, ஸ்ட்ரெச்சரில் கால் முறிந்த லாரி டிரைவர். "கேப்டன், இதுக்கு என் லாரியே தேவலை. இப்படிப் போட்டுக் குலுக்காது."

3:10. நர்ஸின் ஹெட்போனில் யாரோ மூச்சு வாங்கினார்கள். கேப்டன் இல்லை. டிரைவருக்கு ஹெட்போனே கிடையாது.

3:14. க்ளிக்... பின்னிருக்கையில் பெல்ட் மாட்டும் சத்தம்.

டிரைவர் படுத்திருந்த வாக்கில் பின்னிருக்கை அவர் கண்ணுக்கு நேரே இருந்தது.

"சிஸ்டர், உங்க பின்னாடி இருக்கிற தங்கச்சிக்கு ஒரு போர்வை குடுங்க. நடுங்குது பாவம்."

"எந்தத் தங்கச்சி?"

"ஊசி எனக்குப் போட்டீங்க, மயக்கம் உங்களுக்கா?"

3:17. ஹெட்போனில்...

"எடம் இருந்துச்சுக்கா... ஏறிட்டேன்..."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

"திரும்பாதீங்க சிஸ்டர்," என்றார் கேப்டன். அவரும் திரும்பவில்லை. பின்கழுத்தில் வியர்வை வழிந்தது.

"நீங்க போகவே இல்லையா?"

"...வெளிச்சம் போயிடும்னு பயந்துட்டேன்."

"பொண்ணு பொறந்துதுன்னீங்களே?"



திரும்பினாள்.

இருக்கை காலி.

பெல்ட் பூட்டியிருந்தது.

ஏறி... இறங்கியது.

மூச்சுவிடுவது போல.

3:52-க்குத் தரையிறங்கினார்கள். கேப்டன் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்துபோய்விட்டார். மலையூர் சுகாதாரப் பணியாளரை அவள் ரேடியோவில் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கே சாயங்காலம் ஆறு இருபதுக்கு வயித்துப் பிள்ளையோட செத்துப்போயிடுச்சு சிஸ்டர். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம்னோம், கேக்கலை. அக்கா சொல்லிட்டாங்க, பிளேன் வரும்னு ஓடுதளத்துலயே கெடந்துச்சு. நீங்கதான் வரலை."

சின்ன விமானம் என்பதால், ஏறுகிற ஒவ்வொருவரின் எடையையும் ஒவ்வொரு நடைக்கும் கேப்டன் கைப்பட எழுதவேண்டும். அந்தத் தாள்கள் இருந்த கோப்பை எடுத்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த நாளில் இரண்டாவது நடைக்குத் தாளே இல்லை.

மறுநாளிலிருந்து எல்லாத் தாளிலும் கேப்டன் கையெழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. பெயர் இல்லை. 58 கிலோ. மூன்று வாரமாக, ஒரு நடை விடாமல். எல்லாம் தெரிந்தேதான் அவளை அந்தப் பின்னிருக்கைக்கு முன்னால் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார்.

கடைசித் தாள், சற்றுமுன் தரையிறங்கிய நடைக்கானது. பெயரில்லாத அந்த வரியில் 54 கிலோ.

அதற்குக் கீழே புதிதாக இன்னொரு வரி.

3 கிலோ.