கை இறங்கியது: டாக்டர் ரூத் நினைவாக

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெலாப்பாங்கில் என் வீட்டுப் பின்புறம் கிளினிக் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். லூமுட்டிலிருந்து டாக்டரின் தம்பி அழைத்தார். "கமலாக்கா, அக்கா போய்ட்டாங்க. ஹார்ட்டு" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலைதான் டாக்டர், "திங்கக்கிழமை மொத ஆளு யாரு?" என்று என்னிடம் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். ஈரச் சட்டையைப் பிடித்தபடி நின்று அழுதேன். பிறகு திங்கட்கிழமை வரவேண்டியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். டாக்டர் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

ஈப்போவில் இரும்புக் கடைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன பல் கிளினிக்கில் வாய் திறந்து படுத்த எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் தலைமாட்டில் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றவள் நான்தான். இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். டாக்டர் ரூத் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அதைச் சொல்லிவிடுவார்.

ஒருமுறை லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் மகனோடு வந்தார். மகன் சிரித்துக்கொண்டே, "அப்பாவுக்கு இந்த வயசுல பல்லு வெள்ளையாகணுமாம் டாக்டர்" என்றான். நானும் மாஸ்க்குக்குள் சிரித்துவிட்டேன். டாக்டர் மகனை வெளியே உட்காரச் சொன்னார். அந்த அண்ணனின் முன்பல் ஒன்று உறை மாட்டியது, கேப் என்போம். "மருந்து வச்சா மத்த பல்லு வெளுக்கும். இந்தக் கேப்பு மட்டும் மாறாது அண்ணே" என்று கண்ணாடியைக் காட்டி விளக்கினார். "அப்ப இவன் மட்டும் பழைய ஆளா தனியா நிப்பானா?" என்று கேட்டார் அவர். "நிப்பான்." அண்ணன் யோசித்து, வெறும் சுத்தம் மட்டும் செய்துகொண்டு, பல வருஷத்துச் சிகரெட் கறை போன சந்தோஷத்தில் போனார். அவர் போனபின் எனக்குத் திட்டு கிடைத்தது. "பல்லு வெள்ளையாகணும்னு வர்றவங்ககிட்ட வயச பாக்காத கமலா. என்ன மருந்து சாப்புடுறாங்க, எந்தப் பல்லு கூசுதுன்னு கேளு." அன்றிலிருந்து அப்படித்தான் கேட்கிறேன்.

அவரிடம் அவசரம் செல்லாது. சொத்தை இருந்தால் முதலில் அது. ஈறு வீங்கியிருந்தால் அது. வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர் தெரியும். அங்கே மருந்து பட்டால் உயிர் போகிற மாதிரி கூசும் என்று ஈறு முழுவதும் காப்புப் பசை பூசிய பிறகுதான் வெளுக்கும் ஜெல்லைத் தொடுவார். எவ்வளவு வெளுக்கலாம் என்பதற்கு மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த நிறப் பட்டை ஒன்று உண்டு. அதை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கமாட்டார். ஆளை எழுப்பிப் பின்கதவுக்கு அழைத்துப்போய், வெயிலில் நிறுத்திப் பிடித்துப் பார்ப்பார். "கண்ணு வெள்ளைய தாண்டிப் பல்லு வெள்ளை போகக் கூடாது" என்பார். இரும்புக் கடைக்காரர்கள் அதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி, கடைசி வரியை மட்டும் தமிழில் எழுதுவார்: "கை இறங்கியது." சிரிக்கும்போது வாயை மறைக்கப் போகிற கை இப்போது போவதில்லை என்று அவர் கண்ணால் பார்த்தால்தான் அந்த வரி. பல் பளபளவென்று ஆகியும் வரி கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. சின்ன வயதில் சாப்பிட்ட மருந்தால் என் பல் சாம்பல் நிறம். மாதக்கணக்கில் பொறுமையாக அதை வெளுத்துக் கொடுத்தார். ஆனாலும் மாஸ்க்கைக் கழற்றினால் என் கை தானாக மேலே போகும். "பல்லு என் வேலை, கை உன் வேலை கமலா" என்று விட்டுவிட்டார்.

ஆயர் தாவார் ஊர்ப் புஷ்பம் அக்காவை உங்களில் சிலருக்குத் தெரியும். எஸ்டேட்டில் களை எடுத்தவர். நாற்பது வருஷம் வெற்றிலை போட்டு, விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்த மகள் கல்யாணப் படங்களில் ஒன்றில்கூட அவர் வாய் திறந்து இல்லை. மகனுக்குப் பெண் பார்த்தாயிற்று, இந்த முறையாவது சிரிக்க வேண்டும் என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஏதோ வெளுக்கும் மருந்தை வாங்கிப் பூசியிருக்கிறார். ஈறு வெந்துபோய், அந்த டியூபைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் திட்டவில்லை. ஈறு ஆறட்டும் என்றார். பிறகு கன்னத்தின் உட்புறத்தை நெடுநேரம் பார்த்தார். அங்கே வெள்ளையாக ஒரு திட்டு. "அக்கா, மொதல்ல ஆஸ்பத்திரியில இத காட்டணும். பல்ல அப்பறம் பாத்துக்கலாம்."

புஷ்பம் அக்காவுக்கு வந்ததே கோபம். "பல்லு வெளுக்க வந்தா உசுரு பயம் காட்டுறீங்களே டாக்டர், நிச்சயத்துக்கு நாள் இல்லலா" என்று கதவை அறைந்துவிட்டுப் போனார். டாக்டர் விடவில்லை. தினமும் போன் போட்டார். கடைசியில் தானே காரில் கூட்டிப்போனார். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் இனிப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு எதுவும் அந்த வாய்க்குப் போகக் கூடாது, தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அதன் பிறகே எங்கள் நாற்காலியில் வேலை ஆரம்பித்தது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் முடிந்தது. அழகாக வந்திருந்தது. கண்ணாடியைப் பார்த்த அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். டாக்டர் அட்டையை எழுதாமல் மூடினார்.

வெளுத்த பல்லில் கறை ஏறும், இரண்டு நாளைக்குத் தேத்தண்ணி, கிச்சாப் என்கிற சோயா சாஸ், மஞ்சள் போட்ட கறி ஆகாது என்று சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. "விசேஷ வீடு, வெத்தலையையும் பெருசா எழுது. யாராவது போடச் சொன்னா காட்டுறதுக்கு ஆகும்" என்றார் டாக்டர். அதுதான் விட்டுவிட்டாரே என்று நான் எழுதவில்லை. மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு டாக்டரும் நானும் போயிருந்தோம். தட்டு மாற்றியதும், இரண்டு வீட்டுத் தாய்மாரும் சேர்ந்து வெற்றிலை போட வேண்டும் என்றார்கள். அது பெண் வீட்டார் வழக்கமாம். பெண்ணின் அத்தை மடித்து நீட்டினார். அக்கா தயங்கினார். "போடுங்க சம்பந்தி. போடலன்னா மனசுல ஏதோ வச்சிருக்கீங்கன்னு ஆயிடும்" என்றார் அத்தை. மகனின் முகம் வெளுத்துப்போனது. அக்கா எங்களைப் பார்த்தார். நான் எழுதாத அந்த வரிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

டாக்டர் எழுந்து நடுவில் போய் உட்கார்ந்தார். "மன்னிக்கணும். அக்கா வாய்க்கு நான்தான் டாக்டர். ஆஸ்பத்திரியில வேணாம்னுட்டாங்க. அவங்களுக்குப் பதிலா நான் போடுறேன், ஏத்துக்குங்க." பாக்கையும் சுண்ணாம்பையும் தள்ளி வைத்துவிட்டு, வெறும் இலையை வாயில் போட்டார். அதுவரை வெற்றிலை போட்டே பழக்கமில்லாதவர். முகம் கோணலாகப் போயிற்று. மென்று விழுங்கிவிட்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பல் முழுக்கப் பச்சை. "இப்ப ஒங்க பல்ல யாரு டாக்டர் வெளுக்கறது?" என்றார் அத்தை. கூடமே சிரித்தது. புஷ்பம் அக்கா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தன. போட்டோக்காரர் எடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் காரில் மன்னிப்புக் கேட்டேன். "நீ எழுதிக் குடுத்திருந்தா அக்கா அந்தச் சீட்டால வாய மூடிக்கிட்டு இருந்திருப்பாங்க, விடு" என்றார். மறுநாள் முதல் வேலையாக டாக்டர் புஷ்பம் அக்காவின் அட்டையை எடுத்துக் கடைசி வரியை எழுதினார். இப்போதெல்லாம் என் சீட்டில் வெற்றிலைதான் முதல் வரி.

அடக்கத்தன்று தேவாலயத்தில் இடமில்லை. ஆயர் தாவாரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அந்த அத்தையும் வந்திருந்தார். இப்போது அவரும் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர். பேசக் கூப்பிட்டதும் புஷ்பம் அக்கா முன்னால் போய் அந்த வெற்றிலைக் கதையைச் சொன்னார். கதையில் பச்சைப் பல் வந்ததும் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள், அழுத கண்ணோடு. நான் திரும்பிப் பார்த்தேன். பழக்க தோஷம், நான் பார்த்தது கைகளை. அறுபது, எழுபது, எண்பது வயதுக் கைகள், பாட்டுப் புத்தகத்தின் மேலும் கைத்தடியின் மேலும் இருந்தன. ஒன்றுகூட வாய்க்குப் போகவில்லை. இவ்வளவும் டாக்டர் செய்த வேலை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. என் கையைக் கவனித்தது அதற்குப் பிறகுதான். நானும் மாஸ்க் இல்லாமல்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கை பக்கத்தில் இருந்தவரின் தோள்மேல் கிடந்தது.

மறுநாள் கிளினிக்கைத் திறந்து என் அட்டையை எடுத்தேன். கடைசி வரிக்கு அவர் விட்டு வைத்திருந்த இடம் அப்படியே இருந்தது. அவருடைய பேனாவால் நானே எழுதினேன். டாக்டர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த அட்டை ஒன்றைத்தான். எழுத்து கொஞ்சம் கோணல். விஷயம் சரி, டாக்டர். கை இறங்கியது.